இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு லூமன்

சோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பேர் தசமம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பி நீட்டி, "சார், புள்ளிக்கு அப்புறம் ஒண்ணும் எழுதலையே. பூஜ்யமா, இல்ல பார்க்கவே இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பொறியாளர் வேறு வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. பேர் மட்டும் தங்கிவிட்டது. இப்போது அவளுக்கு நாற்பத்துநாலு வயது. "தசமம் வருது, பேனாவை ஒழுங்காப் புடி" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

கூடத்தின் வேலை விளக்குகளை அளப்பது. தெருவிளக்கு, அறுவைச் சிகிச்சை அறையின் விளக்கு, பள்ளிக்கூடத்துக் குழல்விளக்கு, எதுவானாலும் சரி, அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் வெளிச்சம் உண்மையிலேயே அதிலிருந்து வருகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். அதற்கென்று தனி அறையில் ஒரு பெரிய உருண்டை இருந்தது. தகரத்தால் செய்தது, உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். நடுவில் பிளந்து கதவு போலத் திறக்கும். உள்பக்கம் முழுக்க மாசு மருவில்லாத வெள்ளை. மையத்தில் விளக்கைத் தொங்கவிட்டு மூடினால், அது எந்தப் பக்கம் வீசுகிற வெளிச்சமும் வெள்ளைச் சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்து உருண்டை முழுக்கச் சமமாகப் பரவிவிடும். சுவரில் ஒரு பொட்டளவு துளை, அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் கருவி. விளக்கு நேராக அதன் கண்ணில் படாதபடி இடையில் சின்னதாக ஒரு மறைப்புத் தகடு. இவ்வளவு வெளிச்சம் தரும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு விளக்கை முதலில் ஏற்றி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். தர விளக்கு என்று அதற்குப் பேர். பிறகு அதே இடத்தில், அளக்கவேண்டிய விளக்கு. இரண்டு எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த வெளிச்சம் இத்தனை லூமன் என்று வந்துவிடும்.

அந்த உருண்டைக்குள் வெள்ளை அடித்தவர் அவளுடைய அண்ணன்தான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் பழைய பூச்சு உரிய ஆரம்பித்தபோது, அதற்கென்றே இருக்கிற ஆட்கள் இன்றைக்கு வருகிறோம் நாளைக்கு வருகிறோம் என்று இழுத்தடித்தார்கள். அவள்தான் மேலாளரிடம் போய், "எங்க அண்ணன் கை நடுங்காம அடிப்பார் சார்" என்று சொல்லி அழைத்துவந்தாள். அண்ணன் புதுக் காலுறை போட்டுக்கொண்டு மூன்று நாள் உள்ளேயே குந்தியிருந்தார். பன்னிரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் மூச்சுப் படிந்த மாதிரி மெல்லிசு. ஒரு சொட்டுச் சிந்திவிடுமோ என்று டீயைக்கூட வாசலுக்கு வந்துதான் குடித்தார்.

"இதுக்குள்ள என்னத்தைத்தான் பாப்பா அளக்குறீங்க?" என்று அப்போது கேட்டார். தங்கைக்கு எத்தனை வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அவள் விளக்கினாள். அண்ணன் யோசித்துவிட்டு, "அப்ப லூமன்ங்கிறது மோட்டார் மொத்தமா இறைக்கிற தண்ணி. நம்ம வாளியில வந்து விழறது வேற கணக்கு" என்றார்.

"ஆமா. மேசை மேல விழற வெளிச்சத்தை லக்ஸ்னு சொல்வோம்."

"அதை நீயே வச்சுக்க. எனக்கு மோட்டார் போதும்."

இந்த வருடம் ஒப்பீட்டுச் சோதனை வந்தது. ஒரே விளக்கை ஐந்து கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அளந்து, மற்றவர்களின் எண் தெரியாமல் தங்கள் எண்ணைத் தலைமைக் கூடத்துக்கு அனுப்பவேண்டும். எண் மிகவும் விலகிப்போனால் அந்தக் கூடத்தின் அங்கீகாரத்தை நிறுத்திவைப்பார்கள், சான்றிதழ் கொடுக்க முடியாது. தலைமைக் கூடமே முதலில் அளந்து விளக்கை அனுப்பியது. இவர்களுடைய கூடம் ஐந்தாவது, கடைசி. நாலாவது கூடம் இருந்த ஊருக்கு மேலாளர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பும்போது விளக்குப் பெட்டியைத் தன் காரிலேயே வாங்கிவந்துவிட்டார்.

தசமம் அதை இரண்டு நாள் அளந்தாள். பழைய மாதிரி இழை விளக்கு, சொன்ன மின்னோட்டத்தில் மட்டுமே எரிக்கவேண்டியது. 1.880 ஆம்பியரில் நிறுத்தி, சூடேறி நிலைக்கும்வரை காத்திருந்து, மூன்று முறை எடுத்தாள். மூன்றும் ஒத்துப்போயின. 2,812 லூமன். அதைப் படிவத்தில் எழுதி, விளக்கோடு தலைமைக் கூடத்துக்கு அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

மற்ற நாலு கூடங்களின் எண்கள்: 2,894, 2,901, 2,888, 2,905. இவர்களுடையது மட்டும் தன்னந்தனியாகக் கீழே கிடந்தது. நூற்றுக்கு மூன்று குறைவு. பக்கத்தில் 'ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதி, காரணமும் திருத்த நடவடிக்கையும் இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்கும்படி ஒரு படிவமும் இணைத்திருந்தார்கள்.

அவள் எண்களை இரண்டு தரம் படித்தாள். காது மடல் சூடானது.

"மூணு பர்சன்ட் சார். எனக்கு அவ்வளவு போகாது."

"போயிருக்கேம்மா" என்றார் மேலாளர். கெட்டவர் இல்லை. சத்தம் போட்டுப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை. "நாலு பேரும் ஒரே இடத்துல நிக்கிறாங்க. ஊரோட ஒத்துப் போயிடலாம். பூச்சு மங்கிப்போச்சு, மறுபடி அடிச்சுட்டோம்னு எழுதினா அவங்களே ஏத்துக்குவாங்க. அடிச்சதும் ஒரு வீட்டுப் பெயிண்டர். யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க."

அவள் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அண்ணனைச் சொன்னதற்காக அவள் கோபப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கோபம் அளக்காது என்பது அவளுக்குத் தெரியும். தப்பு தன் பக்கம் இருந்தால் அதை முதலில் பார்க்கவேண்டியவள் அவள்தான். மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கூடத்தில் மூன்று தர விளக்குகள் இருந்தன. ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டாள், மூன்றும் ஒரே பேச்சுப் பேசின. மின்னோட்டம் காட்டும் கருவியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டாள். மறைப்புத் தகடு நகர்ந்திருக்கிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணனே வந்து நின்றார். கூடத்தின் காவலாளி அவருக்குப் பழக்கம். வெள்ளையைப் பற்றிய பேச்சு காவலாளி வழியாக அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கையில் பெயிண்ட் உலர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, திறந்திருந்த உருண்டைக்குள் தலையை நீட்டி, டார்ச்சு அடித்து அரை மணி நேரம் பார்த்தார்.

"மஞ்சள் தட்டலை பாப்பா. எங்கேயும் வெடிப்பு இல்ல."

"கண்ணால பார்த்துச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்கண்ணா."

"அப்ப நான் அடிச்சது சரியில்லைன்னு நீயும் நினைக்கிறியா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இல்ல. நினைக்கவே முடியாது. கேளு. உன் வெள்ளை மங்கினதாவே வச்சுக்குவோம். தர விளக்கை அதே உருண்டைக்குள்ளதானே ஏத்துறேன்? அதுக்கும் சேர்த்துத்தானே குறையும்? அன்னிக்குக் காலையில தர விளக்கு, அப்புறம் அவங்க விளக்கு. ரெண்டுக்கும் ஒரே சுவர். சுவர் திருடினா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பங்குதான் திருடும். கணக்குல அடிபட்டுப் போயிடும்."

அண்ணன் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். "அப்ப இதை அந்த ஆளுகிட்டச் சொல்ல வேண்டியதுதானே."

"சொல்லுவேன். உன் சுவர் திருடலைன்னு மட்டும் சொன்னாப் பத்தாது. யாரு திருடினான்னும் சொல்லணும்."

அண்ணன் போன பிறகு அவள் தன் நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப விரித்தாள். படிவத்தில் லூமனுக்கு மட்டுமே கட்டம் இருந்தது. ஆனால் எந்த விளக்கை ஏற்றினாலும் அது எத்தனை வோல்ட் எடுக்கிறது என்பதையும் ஓரத்தில் குறித்துவைப்பது அவள் வழக்கம். அதைக் கேட்பவர் யாரும் இல்லை. பதினெட்டு வருடமாக எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அன்றைய பக்கத்தில் 103.3 வோல்ட் என்று இருந்தது. அந்த எண்ணிலேயே அவள் கண் நின்றது.

விளக்கு இருநூறு வாட் என்று பெட்டியில் எழுதியிருந்தது நினைவில் இருந்தது. 1.880 ஆம்பியரில் இருநூறு வாட் என்றால் நூற்றாறு வோல்ட்டுக்கு மேல் எடுக்கவேண்டும். இது நூற்றுமூன்றுதான் எடுத்திருக்கிறது. நூற்றுக்கு மூன்று குறைவு. வெளிச்சமும் நூற்றுக்கு மூன்று குறைவு. பெட்டியில் எழுதுகிற வாட் தோராயமானது, அதை நம்பி வாதாட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே அளவு குறைந்திருப்பது சும்மா இல்லை. விளக்கின் இழை சுருள் கம்பி. சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மின்சாரம் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அந்தச் சுற்றுகள் செத்த மாதிரி. மீதிச் சுற்றுகள் எப்போதும் போலவே எரியும். எத்தனை பங்கு சுற்று செத்ததோ அத்தனை பங்கு வோல்ட்டும் குறையும், வெளிச்சமும் குறையும்.

அவள் படிவத்தை எடுத்து, 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினாள்: 'எங்கள் அளவில் பிழை காணப்படவில்லை. நாங்கள் பெறும் முன்பே விளக்கு மாறியிருக்கலாம். எங்களிடம் அது எடுத்தது 103.3 வோல்ட். நீங்கள் முதலில் அளந்தபோது எத்தனை வோல்ட் என்று பதிவேட்டில் பார்க்கக் கோருகிறோம். விளக்கை மீண்டும் அளக்கவும் கோருகிறோம்.' திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தாள்.

மேலாளர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தலைமைக் கூடத்தையே திரும்ப அளக்கச் சொல்றீங்க."

"ஆமா சார்."

"தப்பாப் போச்சுன்னா அங்கீகாரம் போறது மட்டும் இல்ல, சிரிப்பாங்க."

"தப்பில்ல சார்."

அவர் தாளை ரொம்ப நேரம் பிடித்திருந்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்ட மாதிரி அவளுக்குத் தோன்றியது. "சரி, அனுப்புங்க. ஆனா கையெழுத்து உங்களுது மட்டும் இருக்கட்டும்."

அவள் அங்கேயே, அவர் மேசையிலேயே, அவர் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள்.

பதில் ஐந்தாம் நாள் வந்தது. இரண்டே வரி. பதிவேட்டில் 106.4 வோல்ட் என்று இருப்பதாகவும், அடுத்த செவ்வாய்க்கிழமை விளக்கை மறுபடி அளக்கப்போவதாகவும், நேரில் வந்து பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தது.

மேலாளரும் அவளும் போனார்கள். தலைமைக் கூடத்தின் உருண்டை இவர்களுடையதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. உள்ளே ஏற ஏணி வைத்திருந்தார்கள். கூடத்தின் தலைவிக்கு அறுபதை ஒட்டிய வயது, முடி முழுக்க நரைத்திருந்தது. வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தார். மற்ற மூன்று கூடங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சுவரோரமாக நின்றார்கள். தசமத்தை எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

விளக்கை மாட்டி, உருண்டையை மூடி, மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றினார்கள். 1.880-ல் நிறுத்தினார்கள். வோல்ட் காட்டும் பெட்டியில் எண்கள் கொஞ்ச நேரம் அலைபாய்ந்து, பிறகு உட்கார்ந்தன.

103.3.

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம்" என்றார். அந்தப் பத்து நிமிடமும் தசமம் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். வோல்ட்டைப் பார்த்தவுடனேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி எண்ணைக் காதால் கேட்கவேண்டும் என்று இருந்தது.

கருவியின் முன்னால் இருந்தவர் கணக்கைப் போட்டு முடித்து, தாளைத் தலைவியிடம் கொடுத்தார். தலைவி அதை உரக்க வாசித்தார்.

"ரெண்டாயிரத்து எண்ணூத்து ஒன்பது."

இவளுடைய எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் மூன்று லூமன். ஆயிரத்தில் ஒரு பங்கு. தசமம் தரையைப் பார்க்கவில்லை. நேராகவே பார்த்தாள்.

தலைவி அதோடு விடவில்லை. விளக்கை வெளியே எடுத்து ஒரு தாங்கியில் மாட்டி, மங்கலாகச் சிவக்கிற அளவுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, முன்னால் ஒரு கண்ணாடி வில்லையை வைத்தார். அறை விளக்குகளை அணைத்ததும் எதிர்ச் சுவரில் இழையின் உருவம் முழ நீளத்துக்கு விழுந்தது. செக்கச் சிவந்த சுருள்கள் வரிசையாக. இடது ஓரத்தில் நாலு சுருள்கள் மட்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கறுத்துக் கிடந்தன. ஒருவர் சுவருக்குப் பக்கத்தில் போய், விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். மொத்தம் நூற்றிரண்டு. நாலு ஒட்டினால் மூன்று செத்த கணக்கு.

"இது நல்லா அடிபட்டிருக்கு" என்றார் தலைவி. "நாலாவது கூடம் அளந்தப்ப சரியா இருந்திருக்கு. அங்கிருந்து யார் எடுத்துட்டுப் போனது?"

இருட்டில் தசமத்தின் பக்கத்திலிருந்து மேலாளரின் குரல் வந்தது.

"நான்தான் மேடம். வழியில ஒரு இடத்துல சட்டுனு பிரேக் போட்டேன். பெட்டி சீட்டுல இருந்து கீழ விழுந்துச்சு. திறந்து பார்த்தேன், கண்ணாடி உடையலை. அதனால ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சுட்டேன். யாருகிட்டயும் சொல்லலை."

அறை விளக்கைப் போட்டார்கள். மேலாளர் வியர்த்திருந்தார். இத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல என்ன வேண்டியிருந்தது என்பது தசமத்துக்குப் புரிந்தது. அதே நேரம், அண்ணன் டார்ச்சோடு அரை மணி நேரம் உருண்டைக்குள் தலையை விட்டு நின்றதும் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றாக மனதில் இருந்தன, எதை முதலில் வைப்பது என்று தெரியவில்லை.

தலைவி மேலாளரிடம், "சொன்னதுக்கு நன்றி" என்று மட்டும் சொன்னார். பிறகு, "இதுல எங்க தப்பும் இருக்கு. விளக்கு திரும்பி வந்ததும் நாங்க இன்னொரு தடவை அளந்திருக்கணும். அவசரத்துல விட்டுட்டோம்" என்றவர் தசமத்தின் பக்கம் திரும்பினார். "படிவத்துல வோல்ட்டுக்குக் கட்டமே இல்லையே. நீங்க ஏன் எழுதினீங்க?"

"விளக்கு தானாச் சொல்றதை எழுதாம விடறது எனக்கு வராது மேடம்."

தலைவி முதல்முறையாகச் சிரித்தார். "எத்தனை வருஷமா எழுதறீங்க?"

"பதினெட்டு."

"அந்த நோட்டுகளை ஒரு நாள் நான் பார்க்கலாமா?"

சுவரோரம் நின்ற ஆட்களில் ஒருவர் வந்து, நோட்டில் எப்படிக் கட்டம் போடுகிறீர்கள் என்று கேட்டார். இன்னொருவர் தன் பேனாவை நீட்டினார். அவள் ஒரு தாளில் வரைந்து காட்டினாள். மூன்று பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் கார் பாதி தூரம் கடந்திருந்தது. மேலாளர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"பூச்சுதான் காரணம்னு நான் நிஜமாவே நம்பினேன்மா. ஆனா அதை நம்பறது எனக்கு வசதியாவும் இருந்துச்சு. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டச் சொன்னாப் போதாது சார். அண்ணன்கிட்டச் சொல்லணும்."

"சொல்றேன்."

மறுநாள் காலையிலேயே போனார். அண்ணன் ஒரு மாடி வீட்டின் முன்பக்கச் சுவரில் ஏணி மேல் நின்றிருந்தார். கீழே மேலாளரைப் பார்த்ததும், "இறங்கி வரட்டுமா சார்?" என்று கேட்டார்.

"வேண்டாம், அங்கேயே இருங்க. நான் சொல்ல வந்ததுக்கு அதுதான் சரியான இடம்" என்று சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் அண்ணாந்து பார்த்தபடியே சொன்னார். அண்ணன் தூரிகையைப் பிடித்துக்கொண்டு முழுதும் கேட்டார். முடிந்ததும், "சரி சார். வெயில் ஏறுது, பூச்சு காயறதுக்குள்ள இந்தப் பக்கத்தை முடிக்கணும்" என்று திரும்பிக்கொண்டார். அன்று பூராவும் அவர் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்ததாக, கூட இருந்த கொத்தனார் பிறகு சொன்னார்.

இறுதி அறிக்கை இரண்டு வாரத்தில் அச்சாகி வந்தது. ஐந்தாவது கூடத்தின் அளவு சரி என்றும், விளக்கின் மாற்றம் அந்தக் கூடத்தின் பதிவிலிருந்தே தெரியவந்தது என்றும் ஒரு முழுப் பத்தி இருந்தது. மேலாளர் அதைப் பெரிதாகப் படியெடுத்து, கூடத்தின் வாசலில், உள்ளே வருகிறவர்கள் கட்டாயம் பார்க்கும் உயரத்தில் ஒட்டினார். ஒட்டிய பிறகு கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, பிரித்து மறுபடி ஒட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணியின் தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். அவள் உள்ளே நுழைந்தபோது அண்ணன் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நாட்டு ஆளுங்க வந்திருந்தாங்க. எல்லாரும் பெரிய பெரிய படிப்பு. எல்லார் கணக்கும் தப்பு. என் தங்கச்சி ஒருத்தி கணக்குதான் சரி. அந்தப் பெரிய அம்மா எழுந்து நின்னு கை கொடுத்தாங்க."

"அஞ்சு நாடு இல்லண்ணா, அஞ்சு கூடம்" என்றாள் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அவங்க கணக்கும் தப்பு இல்ல. அவங்க அளந்தப்ப விளக்கு நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். எழுந்தெல்லாம் நிக்கலை, ஆரம்பத்துல இருந்தே நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க."

அண்ணி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "நீ உட்காரும்மா. அவர் சொல்றபடியே இருக்கட்டும். நேத்து சொன்னப்ப மூணு நாடுதான் இருந்துச்சு, அடுத்த வாரத்துக்குள்ள எட்டு ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். திருத்தவேண்டிய இடங்கள் அதற்கப்புறமும் நிறைய வந்தன. அவள் ஒன்றையும் திருத்தவில்லை.